புரொஜெக்டரும் ஒரு பதிப்பாசிரியர்தான்

பழைய நூல் ஒன்றைப் பதிப்பிப்பவர் மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்த்துவிட்டால் நாம் சும்மா இருப்பதில்லை. பிரதிகளை ஒப்புநோக்கவில்லை, பாடபேதம் காட்டவில்லை என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகிறோம். அதே நாம், கல்லூரி அரங்கிலோ நூலகக் கூடத்திலோ ஒரு திரைப்படம் திரையிடப்படும்போது, நடிகர்களின் முகம் பூசணிக்காயாகப் பருத்திருந்தாலும், இரவுக்காட்சி சாம்பல் பூசியதுபோல் வெளிறிக் கிடந்தாலும், ஒன்றும் சொல்லாமல் பார்த்து முடிக்கிறோம். விளக்கு போட்டதும் கதையமைப்பைப் பற்றியும் பாத்திரப் படைப்பைப் பற்றியும் விவாதிக்கத் தொடங்கிவிடுகிறோம். பிழைமலிந்த பிரதியை வைத்துக்கொண்டு உரை எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதுதான் நம் கேள்வி.

இலக்கிய வாசகர்களிடம் போய் புரொஜெக்டரின் பொத்தான்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. திரையரங்கில் இந்தப் பொறுப்பு ஆபரேட்டருடையதாக இருந்தது. கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் அது இப்போது நம்முடையது. ரிமோட் நம் கையில்தான் இருக்கிறது. காவேரிப்பாக்கத்தில் ஆசிரிய நண்பர்கள் சிலராகச் சேர்ந்து அவ்வப்போது படங்களைத் திரையிட்டுவரும் நாங்கள், கண்டும் கேட்டும் வந்தவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். புரொஜெக்டரைச் சரிசெய்வது பதிப்புப்பணி. அதைத் தொழில்நுட்பக்காரர் வேலை என்று ஒதுக்கிவைக்க நமக்கு உரிமையில்லை.

*

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இல் வெளிவந்தது. அதன் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த தீவிபத்தில் கருகியது. கருகிய சுருள்களை வீசிவிடாமல் பாதுகாத்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியின் பொலோன்யா நகர ஆய்வுக்கூடத்தில், அச்சுருள்களிலிருந்து மீட்கக்கூடியதை மீட்டு, மீளாத இடங்களை வேறு பிரதிகளைக் கொண்டு நிரப்பி, 2015-இல் படத்தை மறுபடி உலகுக்குத் தந்தார்கள். செல்லரித்த ஏடுகளையும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த பிரதிகளையும் வைத்துக்கொண்டு உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தாரே, அதே இனத்தைச் சேர்ந்த உழைப்பு இது.

இவ்வளவு பாடுபட்டு மீட்ட பிரதியை ஒரு வட்டில் வாங்கிவந்து, ‘டைனமிக்’ என்ற ஒரே பொத்தானை அழுத்தி நாம் கெடுத்துவிடுகிறோம். ராயின் அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956) காசியின் வீட்டு முற்றத்துக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா விளக்கொளியை வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும்படி செய்தார். வானிலிருந்து இறங்கும் நிழலற்ற மென்னொளியை அரங்கத்துக்குள்ளேயே கொண்டுவரக் கண்ட உபாயம் அது. அந்த மென்மை முழுவதும் வெண்மைக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட சின்னஞ்சிறு படிகளில்தான் இருக்கிறது. டைனமிக் முறை முதலில் அடித்துச் செல்வது அந்தப் படிகளைத்தான்.

*

முதலில் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் மிக அதிகமாக நடக்கும் அநியாயமும் மிக எளிதாகத் திருத்தக்கூடியதும் அதுவே.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய நம் படங்கள் பெரும்பாலும் நான்கு பங்கு அகலமும் மூன்று பங்கு உயரமும் கொண்ட, ஏறத்தாழச் சதுரமான சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. இன்றைய திரைகளோ பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தைப் புதிய திரையில் காட்ட மூன்று வழிகள் உண்டு. இருபுறமும் கறுப்பாக விட்டு, படத்தை அதன் வடிவிலேயே காட்டலாம். மேலும் கீழும் வெட்டலாம். அப்போது உயரத்தில் கால்பங்கு போய்விடும். பக்கவாட்டில் இழுக்கலாம், ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். நம் அரங்குகளில் பெரும்பாலும் காண்பது இந்த மூன்றாவது வழியைத்தான்.

எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) படத்தை நினைத்துப் பாருங்கள். பாடலே இல்லாத படம். தொடக்கத்திலேயே நாயகன் சுடப்பட்டு இறக்கிறான். ஒவ்வொருவர் சொல்லும்போதும் நிகழ்ச்சி வேறாகத் தெரிகிறது. யார் சொல்வதை நம்புவது என்று நாம் முகங்களைத்தான் தேடுகிறோம். மாருதிராவின் ஒளிப்பதிவு அம்முகங்களைப் பாதி வெளிச்சத்திலும் பாதி இருளிலுமாக நிறுத்துகிறது. முகத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் கோணம் மாறுகிறது, நிழலின் சாய்வு மாறுகிறது. சந்தேகத்துக்குரிய முகம் வேடிக்கையான முகமாகிவிடுகிறது. இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பாடம் அப்படி.

திரைமுழுதும் நிறையாவிட்டால் பார்வையாளர்கள் குறைப்படுகிறார்கள், ‘படம் பாதிதான் தெரிகிறது’ என்கிறார்கள், அதனால்தான் இழுத்துக் காட்டுகிறோம் என்று அமைப்பாளர்கள் சொல்வதுண்டு. வெண்பாவின் ஈற்றடி முச்சீரோடு நிற்கிறது. தாளில் இடம் மிச்சமிருக்கிறதே என்று இன்னொரு சீரைச் சேர்த்து நிரப்புகிறோமா? அந்த வெற்றிடம் வடிவத்தின் பகுதி என்பதை மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். திரையின் இருபுறக் கறுப்பையும் அப்படியே சொல்லிக்கொடுக்கலாம். படம் தொடங்குமுன் இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

இப்பழக்கத்தைத் திரையுலகமும் வளர்த்திருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டலாகப் புதுப்பிக்கப்பட்டு அகலத்திரை வடிவில் வந்தபோது கூட்டம் அலைமோதியது. ஒரு தலைமுறைக்கு அப்படம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் 1.37 மடங்கு அகலமுள்ள சட்டத்தை வெட்டி 2.35 மடங்காக்கினால் உயரத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கழிந்துபோகும் என்பது எளிய கணக்கு. தேரும் கொடியும் முடியும் நிறைந்த படங்களில் அந்த நாற்பதுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

திருத்தும் வழி எளிது. கணினியில் ஒரு வட்டத்தை வரைந்து திரையில் காட்டுங்கள். அது முட்டையாகத் தெரிந்தால் புரொஜெக்டரின் ‘ஆஸ்பெக்ட்’ அமைப்பையும், கணினி அனுப்பும் பட அளவையும் மாற்றுங்கள். புரொஜெக்டரின் இயல்பான அளவு 1024-க்கு 768 என்றால் கணினியும் அதையே அனுப்ப வேண்டும். 1280-க்கு 800 என்றால் அதை. வட்டம் வட்டமாகத் தெரியும்வரை படத்தைத் தொடங்கக்கூடாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழையது என்று அலமாரியில் தள்ளிவைத்திருக்கும் 1024-க்கு 768 புரொஜெக்டரின் வடிவம் நான்குக்கு மூன்று. ‘அந்த நாள்’ அதில் ஏறத்தாழக் கச்சிதமாகப் பொருந்தும்.

*

அடுத்தது இருள். கறுப்பு நிற ஒளி என்று ஒன்று கிடையாது. எந்தப் புரொஜெக்டராலும் சுவரைக் கறுப்பாக்க முடியாது. ஒளியைத் தடுத்துக்கொள்ளத்தான் முடியும். எனவே திரையில் நாம் காணும் அதிகபட்சக் கறுப்பு, விளக்கணைத்த அந்த அறையில் அந்தத் திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அவ்வளவுதான். ஜன்னலில் வெயில் எரிய, பக்கத்தில் டியூப்லைட் ஒன்று ‘பாதுகாப்புக்காக’ எரிய, எத்தனை ஆயிரம் லூமன் புரொஜெக்டர் வாங்கினாலும் இரவுக்காட்சி விடியற்காலைக் காட்சியாகத்தான் தெரியும். ஒளியை வாங்கப் பணம் செலவழிக்கிறோம். இருளை வாங்க நாலு முழம் கறுப்புத் துணி போதும் என்பதை மறந்துவிடுகிறோம். திரையிடலைப் பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொண்டால் அதுவும் வேண்டாம்.

விளக்கு பழசாகிவிட்டது, படம் மங்குகிறது என்பது பரவலான புலம்பல். வழக்கமான பாதரச விளக்குகள் தமக்குக் குறித்த ஆயுளை எட்டும்போது ஏறத்தாழப் பாதி வெளிச்சத்தை இழந்திருக்கும் என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் டைனமிக் முறையன்று, படத்தைச் சிறிதாக்குவதுதான். ஒளி பரப்பில் பரவுவதால், எட்டடி அகலப் படத்தை ஆறடியாக்கினால் வெளிச்சம் முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடும். பெரிதும் வெளிறியதுமான படத்தைவிடச் சிறிதும் செறிவானதுமான படம் நல்லது. காற்றை உள்ளிழுக்கும் வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுவதும் பலன் தரும். பல இடங்களில் அது வாங்கிய நாளிலிருந்து திறக்கப்பட்டதே இல்லை.

ரிமோட்டில் உள்ள ‘பிரைட்னஸ்’, ‘கான்ட்ராஸ்ட்’ என்ற இரு பெயர்களும் நம்மை ஏமாற்றுபவை. பிரைட்னஸ் இருளின் அளவைத் தீர்மானிக்கிறது. கான்ட்ராஸ்ட் வெண்மையின் உச்சத்தைத் தீர்மானிக்கிறது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக மாறும் 16 பட்டைகளைக் கணினியில் வரைந்துகொள்ளுங்கள். கடைசிக் கறுப்புப் பட்டை முழு இருளாகவும், அதற்கு அடுத்த பட்டை மிக மங்கலாகவேனும் தனித்துத் தெரியும்படியும் பிரைட்னஸை நிறுத்துங்கள். மறுமுனையில் கடைசி இரண்டு வெண்பட்டைகளும் ஒன்றாகிவிடாதபடி கான்ட்ராஸ்டை நிறுத்துங்கள். எப்படி மாற்றினாலும் கறுப்பு சாம்பலாகவே இருந்தாலோ, நிழல்களெல்லாம் ஒரே மையாகக் கொட்டிக் கிடந்தாலோ, கணினிக்கும் புரொஜெக்டருக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒன்று 0 முதல் 255 வரை எண்ணுகிறது, மற்றது 16 முதல் 235 வரை எண்ணுகிறது. ‘ரேஞ்ச்’ என்ற அமைப்பில் இரண்டையும் ஒன்றாக்கினால் தீர்ந்தது.

*

நிறத்துக்கு வருவோம். இதில் எங்கள் வட்டாரத்துக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

காவேரிப்பாக்கத்தை வெளியூர்க்காரர்கள் அதன் பெரிய ஏரியைக்கொண்டு அறிவார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலின் ஊர்கள் தொடர்கின்றன. இத்தொழிலில் நிறம் என்பது சோறு. வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய மாதிரித் துண்டின் பழுப்பும், இங்கே முடிக்கப்பட்ட தோலின் பழுப்பும் ஒன்றாக இல்லையென்றால் சரக்கு திரும்பிவிடும். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுப்புகள் வெயிலில் வேறாகத் தெரியும் என்பதும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் நிறம் ஒப்பிடுவதற்கென்று ஒரு விளக்குப்பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எரியும் விளக்குகளுள் முதன்மையானது ‘டி65’ எனப்படும் நிர்ணயிக்கப்பட்ட பகலொளி; ஏறத்தாழ 6500 கெல்வின்.

வியப்பு என்னவென்றால், தொலைக்காட்சிக்கும் காணொளி வட்டுகளுக்கும் வெள்ளை என்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பதும் இதே டி65-ஐத்தான். தோலின் ‘ஷேடு’ பார்க்கும் ஒளியும், வட்டிலுள்ள படத்தின் நிறம் சரிபார்க்கப்பட்ட வெண்மையும் ஒன்றே. அப்படியிருக்க, தொழிற்சாலையில் தந்தையும் தாயும் ஒரு மயிரிழை ஷேடு மாறினாலும் ஒதுக்கிவைக்கும் ஊரில், அவர்களுடைய பிள்ளைகளுக்கு நாம் பச்சை படிந்த முகங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

பச்சை ஏன் படிகிறது? பாதரச விளக்கில் பச்சை இயல்பாகவே மிகுதி, சிவப்பு குறைவு. டைனமிக் முறையில் அதைச் சமன்செய்யாமல், இருக்கும் ஒளி எல்லாவற்றையும் அப்படியே கொட்டுகிறார்கள். விளம்பரத்தில் காட்டும் லூமன் கணக்கு பெரும்பாலும் அம்முறையில் கிடைப்பதுதான். மலிவான ஒற்றைச்சில்லுப் புரொஜெக்டர்கள் பலவற்றில் சுழலும் நிறச்சக்கரத்தில் ஒரு வெள்ளைப் பகுதியும் இருக்கும். அது வெள்ளையை மட்டும் தூக்கிக்காட்டும். பக்கத்திலிருக்கும் சிவப்பு செங்கல்லாகிவிடும். ஃபிரெஞ்சு இயக்குநர் ஆல்பர் லமொரீஸின் ‘சிவப்பு பலூன்’ (1956) குழந்தைகளுக்குக் காட்ட ஏற்ற 34 நிமிடப் படம். சாம்பல் நிறமான பாரிசுத் தெருக்களில் ஒரு சிறுவனைப் பின்தொடரும் ஒரு சிவப்பு, படமே அவ்வளவுதான். அந்தச் சிவப்பு மங்கிவிட்டால் மிஞ்சுவது என்ன?

செய்யவேண்டியது கொஞ்சம்தான். ‘சினிமா’ அல்லது ‘மூவி’ முறையைத் தேர்ந்தெடுங்கள். நிறவெப்பத்தை 6500-இல், அல்லது ‘வார்ம்’ என்று பெயரிட்ட இடத்தில் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் படம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். நீலம் கலந்த வெண்மைக்குக் கண் பழகிப்போனதால் வரும் தோற்றம் அது, விரைவில் தெளிந்துவிடும். பிறகு டைனமிக்குக்குத் திரும்பிப் பார்த்தால், இதையா இத்தனை நாள் பார்த்தோம் என்று இருக்கும்.

*

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் இல்லாததால் மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்று பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். தமிழில் துணைத்தலைப்பு போட்டுப் படம் காட்டும்போது அதே இடர் திரும்ப வருகிறது. புரொஜெக்டரைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு, கோணலை ‘கீஸ்டோன்’ கொண்டு நிமிர்த்தினால், இயந்திரம் படத்தைச் சுருக்கி மறுபடி வரைகிறது, புள்ளிகள் கரைகின்றன. ‘ஷார்ப்னஸ்’ என்பதை உச்சத்தில் வைத்தால் எழுத்துகளைச் சுற்றி வெண்கோடு படர்கிறது. இல்லாத விவரத்தை அது உண்டாக்குவதில்லை, விளிம்பைத்தான் தடிக்க வைக்கிறது. புரொஜெக்டரைத் திரைக்கு நேர் எதிரே, நடுக்கோட்டில் வையுங்கள். கீஸ்டோனைப் பூஜ்யத்திலும் ஷார்ப்னஸைத் தாழ்வாகவும் வையுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். நமக்கு இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

அசைவுக்கும் இப்படியொரு செயற்கை மெருகு உண்டு. நொடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படத்தில் இயந்திரம் தானாகச் சட்டங்களைப் புனைந்து செருகும். 2018-இல் நடிகர் டாம் குரூஸ் இதை அணைத்துவைக்கும்படி பார்வையாளரிடம் நேரடியாக வேண்டினார். மறு ஆண்டே, இத்தகைய செருகல்களை ஒரே பொத்தானில் நீக்கும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற ஏற்பாடு தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக அறிவிக்கப்பட்டது. இடைச்செருகல் எது என்று தமிழ் ஆய்வாளர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

*

இவையெல்லாம் நகரத்து நுண்ரசனையாளர்களின் கவலை, கிராமத்தில் படம் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதத்தைத்தான் நாம் மிகவும் வெறுக்கிறோம். 1905-இல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலந்தொட்டு, நல்ல படத்துக்கு முதல் கூட்டம் சிற்றூர்க் கூட்டம்தான். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் சட்டம் நழுவினாலும் கார்பன் மங்கினாலும் ‘ஆபரேட்டர்!’ என்று ஒரே குரலில் கத்தினார்கள், விசிலடித்தார்கள். அவர்களுக்குக் கண் இருந்தது, உரிமையுணர்வும் இருந்தது. படித்தவர்கள் கூடும் குளிரூட்டிய அரங்கில்தான் இன்று அந்தக் குரல் இல்லை.

நகரத்து மாணவன் இன்றைக்குக் கெட்ட பிரதியைப் பார்த்தாலும் நாளைக்கு நல்ல அரங்கில் திருத்திக்கொள்வான். ‘அந்த நாள்’ படத்தைத் திரை என்று சொல்லத்தக்க ஒன்றில் இங்குள்ள மாணவி பார்ப்பது வாழ்நாளில் அந்த ஒரு மாலையாக இருக்கலாம். அன்று பருத்த முகங்களையும் வெளிறிய இரவையும் கண்டால், பழைய படம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, ஒரு மரபையே மூடிவைத்துவிடுவாள். பிறகு நாம், இளைய தலைமுறைக்கு ரசனை இல்லை என்று கட்டுரை எழுதுவோம். தமிழகப் பள்ளிக்கல்வித்துறை 2022-இல் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடும் திட்டத்தைத் தொடங்கியது. படத்தேர்வு பற்றி எல்லோரும் பேசினோம். அப்படங்கள் சுவரில் எப்படி விழுகின்றன என்பதும் அதே அளவு பேசத்தக்கது.

நாம் அறிந்த ஒரு கல்வி நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) அரங்கப் புரொஜெக்டரின் ரிமோட் பீரோவில் பூட்டியிருக்கும். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். வாங்கியபோது பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன டைனமிக்கிலேயே அது ஓடுகிறது. பகலில், ஜன்னல் திறந்த வகுப்பில், பாடக்குறிப்பும் பட்டியலும் காட்ட டைனமிக் தவறில்லை. அதற்காகவே அது இருக்கிறது. அதே இயந்திரத்தில் மாலையில் ராயையும் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தையும் காட்டும்போதாவது மாற்றவேண்டாமா? நாம் கேட்பது பணமன்று. ரிமோட் பேராசிரியர் கையில் இருக்கட்டும். சரிபார்த்த அமைப்புகளை ஒரு தாளில் எழுதிப் புரொஜெக்டர் பக்கத்தில் ஒட்டிவைக்கட்டும். படத்துக்கு இருபது நிமிடம் முன்னால் ஒருவர் வந்து, வட்டம், பட்டைகள், முகத்தின் நிறம், புள்ளி என்ற நான்கையும் பார்க்கட்டும். வாங்கும்போது வெள்ளை லூமனை மட்டும் பாராமல் நிறத்தின் ஒளியளவையும் கேட்கட்டும்.

அமைப்பாளர்கள் இதைச் செய்யாவிட்டால் பார்வையாளர்களாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. அடுத்தமுறை ஒரு அரங்கில் முகங்கள் பருத்துத் தெரிந்தால், மரியாதை கருதி வாய்மூடி உட்கார்ந்திருக்கவேண்டாம். எழுந்து, நம் பாட்டன்மார் மணலிலிருந்து கொடுத்த அந்தக் குரலைக் கொடுப்போம்: ‘ஆபரேட்டர்!’